வேல்ஸ் முன்னோரைத் தேடுவோர் தடம் மாறும் இடங்கள்

சென்னைப் பாரிமுனைக்குப் பெயர் தந்த தாமஸ் பாரி வேல்ஸ்காரர். ஹாரியின் மகனை வெல்ஷ் மொழியில் 'ஆப் ஹாரி' என்பார்கள். அந்த 'ப்' அடுத்த பெயரோடு ஒட்டிக்கொண்டு 'பாரி' ஆனது. ஆப் ரீஸ் 'பிரைஸ்' ஆனதும், ஆப் ஹவெல் 'பவல்' ஆனதும் இப்படித்தான்.

குடும்பப் பெயர் என்று நாம் நினைப்பது அங்கே பெரும்பாலும் யாரோ ஒரு தகப்பனின் பெயர். இதை மறப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. வில்லியம் ஈவன்ஸின் மகன் ஜான் வில்லியம்ஸ். அந்த ஜானின் மகன் டேவிட் ஜோன்ஸ். மூன்று தலைமுறை, மூன்று பெயர், ஒரே ரத்தம். தலைமுறைக்குத் தலைமுறை தலைப்பெழுத்து மாறும் நமக்கு இது புரியாத விஷயமே அல்ல. நிலமுள்ள பெரிய குடும்பங்கள் 16ஆம் நூற்றாண்டிலேயே நிலையான பெயருக்கு மாறத் தொடங்கின. கிராமத்து உழவர்களில் பலர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை பழைய வழக்கத்தை விடவில்லை. ஆகவே 1800க்கு முன்னால் 'ஜோன்ஸ்' என்ற பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போனால், வேறு யாருடைய வீட்டிலோ போய் நிற்போம். பெண்களில் பலர் திருமணத்துக்குப் பிறகும் தகப்பன் பெயரையே வைத்துக்கொண்டார்கள். அடக்கப் பதிவில் கணவன் பெயர் ஒன்று, மனைவி பெயர் ஒன்று என்றிருந்தால் அவர்கள் தம்பதி இல்லை என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

அபூர்வமான பெயர் கிடைத்துவிட்டால் அது இன்னொரு கண்ணி. எலியாஸ், எப்ராயீம், எரேமியா போன்ற விவிலியப் பெயர்கள் சில வீடுகளில் குடும்பப் பெயராகவே நின்றுவிட்டன. ஆனால் இரண்டு பள்ளத்தாக்குகளில் இரண்டு எலியாஸ்கள் வாழ்ந்திருக்கலாம். அவர்களின் பிள்ளைகள் உறவினர் ஆகிவிட மாட்டார்கள். லாய்ட் என்றால் நரை நிறத்தவர், காஃப் என்றால் சிவந்தவர், வான் என்றால் இளையவர். ஊருக்கு ஊர் அப்படி ஒருவர் இருந்திருப்பார். சென்னைக் கோட்டையில் ஆளுநராக இருந்த எலிஹு யேலின் பெயர் வேறு வகை: அவருடைய முன்னோர் வாழ்ந்த 'யால்' என்ற பகுதியிலிருந்து வந்தது. தகப்பன் பெயரா, உருவ அடையாளமா, இடமா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். இடப்பெயர் என்றால் வரைபடத்தில் தேட ஓர் இடமாவது கிடைக்கும்.

பதிவேட்டில் எழுதிய பெயரை அப்படியே நம்புவதும் ஆபத்து. வீட்டில் லவ்ரி என்று அழைக்கப்பட்டவர் ஏட்டில் லாரா ஆகியிருப்பார். சியான், ஜேன் ஆகியிருப்பார். 1733வரை லத்தீனில் எழுதிய ஏடுகளும் உண்டு.

ஞானஸ்நானப் பதிவு ஊர்த் தேவாலயத்தில் இல்லையே என்று தேடலைக் கைவிடுபவர்கள் நிறைய. 19ஆம் நூற்றாண்டு வேல்ஸில் பெரும்பாலோர் அரசுத் திருச்சபையை விட்டு விலகி, சேப்பல் எனப்படும் தனி வழிபாட்டு இல்லங்களுக்குப் போனவர்கள். அவற்றின் ஏடுகள் பல 1837க்குப் பிறகு அரசால் திரட்டப்பட்டு லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. திருமணம் மட்டும் வேறு கதை. 1754 முதல் 1837வரை குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரும் யூதர்களும் தவிர மற்ற எல்லோரும் ஊர்த் தேவாலயத்தில்தான் மணம் முடிக்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் காலத்துத் திருமணத்தைச் சேப்பல் ஏட்டில் தேடுவது வீண்.

ஒரே ஊரில் ஐந்து ஜான் ஜோன்ஸ் இருந்தால்? பண்ணை வீட்டின் பெயரைத் தேடுங்கள். ஊரார் ஆளை அடையாளம் சொன்னதே அந்தப் பெயரை வைத்துத்தான். கல்லறையிலும் உயிலிலும் அது இருக்கும். 1858க்கு முந்தைய உயில்களை அபெரிஸ்ட்வித்திலுள்ள வேல்ஸ் தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாகத் தருகிறது. மூன்று மகன்களின் பெயரும் ஒரே தாளில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. ஊர்ப்பெயரிலும் கவனம் வேண்டும்: மிகேல் கோயிலைக் குறிக்கும் லான்விஹாங்கெல் வேல்ஸில் பல இடங்களில் உண்டு.

1841 மக்கள்தொகைக் கணக்கில் 15 வயதைத் தாண்டியவர்களின் வயதைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்தே எழுதினார்கள். 39 வயதுக்காரர் 35 என்று இருப்பார். பிறந்த ஊரைச் சொல்லத் தொடங்குவது 1851 கணக்குதான்; முதலில் அதைத் திறந்து பாருங்கள்.