பத்துக்குப் பன்னிரண்டு ஹாலில் ஜிம்னாஸ்டிக்ஸ் பழகுவது எப்படி

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு ஹால் பத்துக்குப் பன்னிரண்டு அடிதான். மகளுக்கு வாரத்தில் இரண்டு நாள் வகுப்பு, மற்ற நாட்களில் டீப்பாயை வெளியே தள்ளிவிட்டு இங்கேதான் பழகுகிறாள். எங்கள் வீட்டில் ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. மாஸ்டர் முன்னால் ஒழுங்காகச் செய்ய வந்ததைத்தான் வீட்டில் செய்யலாம், புதிதாக எதையும் இங்கே ஆரம்பிக்கக் கூடாது. அந்தரத்தில் சுழன்று அடிக்கும் பல்டி கிடையவே கிடையாது.

"கீழே மெத்தை போட்டால் என்ன ஆகிவிடும்?" என்று பலரும் கேட்கிறார்கள். அங்கேதான் ஆபத்தே இருக்கிறது. போட்டி நடக்கும் தரை 12 மீட்டருக்கு 12 மீட்டர், பலகைக்கு அடியில் ஸ்பிரிங் வைத்திருப்பார்கள், அதனால் குதித்தால் அது காலைத் திருப்பி மேலே தள்ளும். இலவம்பஞ்சு மெத்தை அப்படியா? கால் உள்ளே புதைந்து கணுக்கால் மடங்கிவிடும், கையை ஊன்றினாலோ மணிக்கட்டு அளவுக்கு மீறி வளையும். பாயும் சரிப்படாது. மொசைக் தரையில் கோரைப்பாயை விரித்து மகள் கார்ட்வீலுக்கு, அதாவது கைகளை ஊன்றிப் பக்கவாட்டில் சக்கரம்போல் சுழல்வதற்கு, காலை எடுத்து வைத்த நேரத்தில் பாய் அவளோடு சேர்ந்து வழுக்கிப் போய், முழங்கை பீரோவில் இடித்து வீங்கியது. அன்றைக்கே ஒன்றோடு ஒன்று கோர்க்கும் கெட்டியான ஃபோம் மேட் வாங்கிவிட்டேன். அதையும் விரித்தவுடன் கையால் தள்ளிப் பாருங்கள், நகர்ந்தால் தரையில் ஈரமோ தூசியோ இருக்கிறது, துடைத்துவிட்டு மறுபடி விரியுங்கள்.

குட்டிக்கரணம் எளிது என்று நினைத்துத்தான் கழுத்தைப் பிசகிக்கொள்கிறார்கள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கைகளை முன்னால் ஊன்றி, முகவாயை நெஞ்சோடு ஒட்டவைத்து இடுப்பைத் தூக்க வேண்டும். உச்சந்தலை தரையில் படக் கூடாது, பாரம் கைகளிலிருந்து நேராக மேல்முதுகுக்கு வர வேண்டும். முகவாய்க்கு அடியில் ஒரு மடித்த கைக்குட்டையை இடுக்கிக்கொள்ளச் சொல்லுங்கள், பாதியில் அது விழுந்தால் தலை நிமிர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

கைகளை ஊன்றித் தலைகீழாக நிற்கும் ஹேண்ட்ஸ்டாண்டுக்கு முன்னால் மணிக்கட்டை நன்றாகச் சுழற்றிச் சூடாக்க வேண்டும். அப்புறம் வயிறு சுவரைப் பார்க்கிற மாதிரி, கையைத் தரையில் ஊன்றி, பாதங்களைச் சுவரில் மெல்ல மேலே நடத்தலாம். முதல் சில வாரங்கள் பாதி உயரம் போதும். பத்து விநாடி நின்று, வந்த வழியே நடந்து இறங்க வேண்டும். இறங்கும் அளவுக்குத் தெம்பு இருக்கும்போதே இறங்க வேண்டும், கை நடுங்கும்வரை காத்திருக்கக் கூடாது. அந்த நேரத்தில் தண்ணீர்க் குடத்தோடு யாரும் குறுக்கே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேலே ஏறி நடந்து பழகும் ஒடுக்கமான நீளச் சட்டம்தான் பீம், அதை வாங்கத் தேவையில்லை. நிஜ பீமின் அகலம் 10 சென்டிமீட்டர், அதாவது நாலு விரற்கடை அல்ல, நாலு அங்குலம். தரையில் அந்த அகலத்துக்கு இரண்டு சாக்பீஸ் கோடு போட்டு நடை, திருப்பம், ஒற்றைக்கால் நிற்பது எல்லாம் பழகலாம். கோடு பழகியபின், பழைய மரக்கடையில் ஆணி இல்லாத சட்டம் ஒன்று வாங்கித் தரையிலேயே போடுங்கள். செங்கல் மேல் தூக்கி வைக்காதீர்கள்.

மொட்டை மாடியில் கோட்டு நடையும் ஸ்ட்ரெச்சும் மட்டும்தான், அதுவும் நட்டநடுவில். சாயங்காலம் ஐந்து மணிவரை ஓடு கொதிக்கும், விடியற்காலையில் பனி பட்டு வழுக்கும். பெரிய பையன்கள் கடற்கரை மணலில் பல்டி அடிப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். மணல் ஒரே சீராக இருக்காது, எம்பும்போதே கால் வாரிவிடும், கண்ணாடித் துண்டும் கிடக்கும்.

ஒருவேளை தலையோ கழுத்தோ அடிபட விழுந்து, கழுத்து வலி, கை கால் மரத்துப்போவது என்று பிள்ளை சொன்னால், பதறிப்போய் தூக்கி உட்கார வைக்காதீர்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள். அக்கம்பக்கத்தார் பாசத்தில் ஓடிவந்து ஆட்டோவில் ஏற்றப் பார்ப்பார்கள், அவர்களைத் தடுத்து, தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு 108-க்குப் போன் செய்யுங்கள்.