கல்லறைக் கல்லிலிருந்து குடும்ப வரலாறு: பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் தேடும் முறை

கேரளத்தின் தென்கோடியில் உள்ள இந்தப் பக்கத்தில் பனையேறியும் கூலிவேலை செய்தும் பிழைத்த கிறிஸ்தவக் குடும்பங்களிடம் பழைய ஆதாரம் எதுவும் இருக்காது. அவர்கள் பெயர் எழுத்தில் நிற்பது பெரும்பாலும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையின் கல்லறைத் தோட்டத்திலும் பதிவேட்டிலும்தான். கல்லில் உள்ள வருடத்தைத் தவறாக வாசித்தால் பதிவேட்டில் எத்தனை நாள் புரட்டினாலும் ஆள் கிடைக்க மாட்டார்.

காலை ஏழு, எட்டு மணிக்குப் போங்கள். சாய்வெயிலில் தேய்ந்த எழுத்தும் நிழல்கட்டித் தெரியும். நிழலில் இருக்கும் கல்லுக்கு, முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் திருப்பி விடுங்கள். பாசியைத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, மூங்கில் சீவலால் தள்ளி எடுங்கள். கம்பி பிரஷும் ஆசிட்டும் கூடவே கூடாது. ஏழைகளின் கல்லறை பலவும் கருங்கல் அல்ல, சுண்ணாம்புக் காரை. ஈரம் காயுமுன் ஆணியால் கீறிய எழுத்து. விரலால் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று ஒலித்தால் காரை உள்ளே விட்டுவிட்டது, தண்ணீரே படக்கூடாது. உலர்ந்த பெயின்ட் பிரஷ் போதும். சாக்பீஸ் தேய்த்தால் தூள் காரைத் துளைகளில் தங்கிவிடும்.

அதிகம் பேர் தடுமாறுவது தேதியில். ‘௲௯௰௯௵ ஆனி௴ ௨௰௳’ என்று ஒரு கல்லில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ௲ ஆயிரம், ௯௰ தொண்ணூறு, ௯ ஒன்பது. ௵ வருடம், ௴ மாதம், ௳ தேதி. ஆக, 1099 ஆனி 20. இது பழைய திருவிதாங்கூரில் வழங்கிய கொல்லம் ஆண்டுக் கணக்கு; ஆங்கில வருடமாக மாற்ற வேண்டும். ஆவணி முதல் மார்கழிப் பாதி வரை 824-ஐயும், அதன்பின் ஆடி முடிய 825-ஐயும் கூட்ட வேண்டும். 1099 + 825 = 1924; ஜூலை முதல் வாரம். பெரியவர்கள் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்பார்களே, 1924 ஜூலையில் வந்த அந்தப் பெருவெள்ளத்துக்குச் சற்று முந்திய இறப்பு. ௧-ஐக் ‘க’ என்றும், ௭-ஐ ‘எ’ என்றும், ௮-ஐ ‘அ’ என்றும் வாசித்து, அதைப் பெயரின் முதலெழுத்தாக எடுத்துக்கொள்வது வழக்கமான பிழை. வயதையும் அப்படியே நம்பாதீர்கள். 60, 70 என்று முழு எண்ணாக இருந்தால் அது வீட்டார் சொன்ன மதிப்புதான். அதை வைத்துக் கணக்கிடும் பிறந்த வருடத்துக்கு முன்னும் பின்னும் பத்து வருடம் சேர்த்துத் தேடுங்கள்.

ஸ்காட்லாந்தில் 1855 முதல் இறப்புப் பதிவிலேயே தாய், தகப்பன் இருவர் பெயரும் கேட்டு எழுதினார்கள்; கூலித் தொழிலாளிக்கும் அது கிடைத்தது. நமக்குத் தாயின் பெயரைத் தருவது ஞானஸ்நானப் பதிவேடு. ஆகவே அடக்கப் பதிவேட்டில் ஆளை உறுதி செய்ததும் விவாகப் பதிவேட்டுக்கும், பிறகு ஞானஸ்நானத்துக்கும் பின்னோக்கிப் போங்கள். முதல் தலைமுறைக்கு ஞானஸ்நானத்தில் பெயரே மாறியிருக்கும்: கல்லில் ‘யாக்கோபு’, வீட்டில் கூப்பிட்டது வேறு. அந்தப் பழைய பெயரை வயதான அத்தை, பாட்டிமாரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ஒரே ஊரில் நாலு யாக்கோபு இருப்பார்கள். பிரித்துக் காட்டுவது ‘விளை’ (தோட்ட நிலம்) என்று முடியும் வீட்டுப்பெயர்தான். அது கல்லில் இருந்தால் ஓர் எழுத்தும் விடாமல் குறியுங்கள்.

போதகரிடம் போகும்போது பெயர், வீட்டுப்பெயர், ஆங்கில வருடம் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பதிவேடு அங்கே இல்லையென்றால் தாய்ச்சபை எது என்று கேளுங்கள். அது இப்போது எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கலாம். 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. 1959-இல் சி.எஸ்.ஐ. பேராயமும் (டயோசிஸ்) தென் கேரளம், கன்னியாகுமரி என்று இரண்டானது. 1947-இல் சி.எஸ்.ஐ. உருவாகுமுன் இவை லண்டன் மிஷன் வழிச் சபைகள். மிஷனரிகளின் கடிதங்களும் அறிக்கைகளும் லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சோவாஸ் (SOAS) நூலகத்தில் உள்ளன. அங்கே உபதேசியார் பெயர் கிடைக்கலாம், கூலிக்காரர் பெயர் அபூர்வம்.

கடைசியாகப் பக்கத்து நிலத்தின் முன்னாதாரத்தை (பழைய கிரயப் பத்திரத்தை)ப் பாருங்கள். சொந்த நிலம் இல்லாதவர் பெயரும் சில சமயம் அதன் நான்கெல்லை வரிகளில் ‘இன்னார் குடியிருக்கும் விளைக்கு மேற்கு’ என்று வந்திருக்கும்.