ஹாலோவீன் பாப்கார்ன் உருண்டை

அமெரிக்காவின் ஒஹாயோவில் எங்கள் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. 1950-களில் அயோவாவில் வளர்ந்தவர். போன அக்டோபரில், முகமூடி போட்டு வீடு வீடாகத் தின்பண்டம் கேட்டு வரும் ஹாலோவீன் பிள்ளைகளுக்காக, சாக்லேட் பையைப் பிரித்து வாசலில் கொட்டிக்கொண்டே, "எங்கள் காலத்தில் இதற்குப் பாப்கார்ன் உருண்டைதான்" என்றார். மெழுகுத்தாளில் சுற்றி இரண்டு முனையையும் முறுக்கித் தருவார்களாம். எந்த வீட்டு உருண்டை பெரிது என்பது பிள்ளைகளுக்கு அத்துப்படி. முகமூடியை மாற்றிக்கொண்டு அங்கே மறுபடி போவார்களாம்.

பிறகு, 1970-களில் எல்லாம், தின்பண்டத்தில் விஷமோ பிளேடோ இருக்கும் என்ற பயம் நாடெங்கும் பரவியது. கடை உறை இல்லாததைப் பெற்றோர் குப்பையில் போட்டார்கள். உருண்டையும் அதோடு போயிற்று.

அந்த அம்மா சொன்னபடி மூன்று முறை செய்து பார்த்தேன். அரை கப் பாப்கார்ன் சோளம், ஒரு கப் சர்க்கரை, மூன்றில் ஒரு பங்கு கப் கார்ன் சிரப், அதே அளவு தண்ணீர், கால் கப் வெண்ணெய், ஒரு தேக்கரண்டி வினிகர், அரைத் தேக்கரண்டி உப்பு. கார்ன் சிரப் கிடைக்காத ஊரில் லிக்விட் குளுக்கோஸ் போதும். இதையும் வினிகரையும் விட்டுவிடாதீர்கள். இல்லையென்றால் சர்க்கரை பூத்துவிடும்.

முதலில் அடிகனமான பாத்திரத்தில் எண்ணெய் விட்டுச் சோளத்தைப் பொரியுங்கள். நீராவி வெளியேற மூடியைச் சற்றே திறந்து வையுங்கள். மைக்ரோவேவ் பாக்கெட் வேண்டாம், அதன் உப்பும் எண்ணெயும் பாகைக் கெடுக்கும். பொரியாத மணிகளைப் பொறுக்கி எடுப்பது முக்கியம். நான் சோம்பல்பட்டதில் என் கணவரின் பல் அடைப்பு பெயர்ந்தது.

இனி பாகு. சோளம் தவிர மற்றதையெல்லாம் ஒன்றாகப் போட்டு, சர்க்கரை கரையும்வரை கிளறி, கொதி வந்ததும் கரண்டியை எடுத்துவிடுங்கள். வெப்பமானி இருந்தால் 121 முதல் 124 டிகிரி செல்சியஸ். இல்லையா? கார்த்திகைப் பொரி உருண்டைக்குப் பார்க்கிற மாதிரி, குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டுங்கள். ஆனால் தட்டில் போட்டால் 'டங்' என்று கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது. நான் பழக்கதோஷத்தில் அப்படிக் காத்திருந்தேன். முதல் தடவை வந்தது கூழாங்கல். உருண்டு நிற்க வேண்டும், விரலால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்கவும் வேண்டும்.

பொரிந்த சோளத்தின்மேல் பாகை ஊற்றி நீண்ட கரண்டியால் புரட்டுங்கள். கை வைக்க இரண்டு நிமிடமாவது பொறுங்கள், பாகு சுட்டால் எண்ணெய் சுட்டதைவிட மோசம். அப்புறம் கையில் வெண்ணெய் தடவி, ஆரஞ்சுப் பழ அளவுக்கு லேசாகப் பிடியுங்கள். இறுக்கிப் பிடித்தால் கடிக்க முடியாது. நடுவில் இறுகிப்போனால் மிதமான சூட்டில் ஓவனில் சில நிமிடம் வைத்தால் இளகிவிடும். பத்துப் பன்னிரண்டு வரும். ஆறியதும் உடனே தாளில் சுற்றுங்கள், காற்றுப் பட்டால் நமத்துவிடும்.

மூன்றாம் தடவை செய்ததில் நாலை வேலிக்கு மேலாக அந்த அம்மாவிடம் கொடுத்தேன். அங்கேயே நின்று ஒன்றைக் கடித்துவிட்டு, "உப்பு பற்றவில்லை" என்றார். நீங்கள் முக்கால் தேக்கரண்டியே போடுங்கள்.