பழைய டாட்சன் 240இசட் காருக்கு மாற்று எஞ்சின்: முதல்முறை இறங்குபவர்களுக்கான செய்முறை

பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்புக் கொட்டகை. பதினெட்டு ஆண்டுகளாகத் தார்ப்பாய்க்கு அடியில் நின்றிருந்த டாட்சன் 240இசட் காரை மாமா எனக்குக் காட்டினார். அவருடைய அப்பா வெளிநாட்டு வேலையை முடித்துக்கொண்டு திரும்பியபோது கப்பலில் கொண்டுவந்த வண்டி. தார்ப்பாயை விலக்கியதும் மட்டைத் தூசி எழும்பியது. "எஞ்சின் போய்விட்டதுங்க மாப்பிள்ளை. புதிதாக ஏதாவது ஒன்றைப் போட்டு ஓட வைத்துக் கொடுங்கள்" என்றார்.

எந்த எஞ்சின் என்று அன்று என்னால் சொல்ல முடியவில்லை. நான்கு மாதம் கழித்துத்தான் சொன்னேன். அந்த நான்கு மாதத்தில் செய்ததைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். உங்களிடம் இருப்பது வேறு ஜப்பானியக் காராக இருந்தாலும் வரிசை இதேதான்.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம். டாட்சன் என்பது நிஸான் நிறுவனத்தின் பிராண்டு. 1969-இல் ஜப்பானில் ஃபேர்லேடி இசட் என்ற பெயரில் அறிமுகமானது. வெளிநாடுகளுக்குப் போன 240இசட்டில் இருப்பது எல்24 எஞ்சின்: 2,393 சி.சி., நேர்வரிசையில் ஆறு சிலிண்டர், வார்ப்பிரும்பு பிளாக், அலுமினிய ஹெட், செயினில் ஓடும் ஒற்றை கேம்ஷாஃப்ட், இரண்டு கார்புரேட்டர். வண்டியின் எடை ஆயிரம் கிலோவைச் சற்றே தாண்டும். முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம். இந்தக் கடைசி விவரம் பின்னால் தேவைப்படும்.

படி 1: எஞ்சின் போய்விட்டதா என்று அளந்து பாருங்கள்

பெரும்பாலானவர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு இதில்தான் அக்கறை அதிகம்.

நீண்ட நாள் நின்ற எஞ்சினில் உடனே செல்ஃப் அடிக்கக் கூடாது. ஆறு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஸ்பூன் எஞ்சின் ஆயில் ஊற்றி, இரண்டு நாள் விடுங்கள். பிறகு கிராங்க் புல்லியின் போல்ட்டில் சாக்கெட் மாட்டிக் கையால் சுற்றுங்கள். தடையில்லாமல் சுற்றினால், ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் கேஜில் அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் செய்யலாம். பிளக்குகள் ஆறும் வெளியே இருக்க வேண்டும், ஆக்சிலரேட்டர் முழுக்க அழுத்தியிருக்க வேண்டும், பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும். மிகக் குறைந்த அளவு, மிக உயர்ந்த அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. ஒரு சிலிண்டரில் குறைவு என்றால் அதில் மட்டும் ஒரு ஸ்பூன் ஆயில் ஊற்றி மறுபடி அளங்கள். அளவு ஏறினால் கோளாறு பிஸ்டன் ரிங்கிலோ போரிலோ (சிலிண்டர் துளை) இருக்கிறது. ஏறாவிட்டால் வால்வைச் சந்தேகியுங்கள். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து விழுந்திருந்தால் அவற்றுக்கு நடுவில் ஹெட் கேஸ்கெட் (பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) போயிருக்கும்.

மாமாவின் வண்டியில் முதல் நான்கும் 150 பி.எஸ்.ஐ.-யை ஒட்டி நின்றன. ஐந்தும் ஆறும் அறுபதைத் தொடவில்லை. கேஸ்கெட் என்று புரிந்தது. ஹெட்டைத் தூக்கினோம்.

ஹெட்டைத் தூக்கும் முன் ஒரு முக்கிய எச்சரிக்கை. எல் வரிசை எஞ்சினில் டைமிங் செயினை ஒரு டென்ஷனர் அழுத்திக்கொண்டிருக்கிறது. கேம் ஸ்பிராக்கெட்டைக் கழற்றியதும் செயின் தளர்ந்தால் அந்த டென்ஷனர் வெளியே குதித்துவிடும். அதைத் திரும்ப உட்கார வைக்க எஞ்சினின் முன்மூடி முழுவதையும் கழற்ற வேண்டும். அதனால் முதலிலேயே செயினின் இரு பக்கத்துக்கும் நடுவே ஒரு மர ஆப்பை இறக்கிவிட வேண்டும். நாங்கள் புளிய மரக்கட்டையில் ஒரு சாண் நீளத்துக்குச் செதுக்கி, மேல்முனையில் துளையிட்டுக் கயிறு கட்டி இறக்கினோம். கயிறு இல்லாத ஆப்பு உள்ளே விழுந்துவிட்டால் அதை எடுப்பது தனி வேலையாகிவிடும்.

பிளாக்கைக் கோவை ஆவாரம்பாளையத்தில் ஒரு லேத் பட்டறைக்கு எடுத்துப்போனேன். பம்பு செட்டும் லாரி எஞ்சினும் பார்த்துப் பழகிய பெரியவர் ஒருவர் அங்கே இருந்தார். அளவுக் கருவியைத் தொடுவதற்கு முன் சிலிண்டரின் மேல்விளிம்பில் கட்டைவிரல் நகத்தை வைத்து மெல்லக் கீழே இழுத்தார். பிஸ்டன் ரிங் தொடாத இடத்துக்கும் தொடும் இடத்துக்கும் நடுவே நகம் தடுக்கினால் போர் தேய்ந்திருக்கிறது. ஐந்து சிலிண்டர்களில் நகம் தடுக்கவில்லை. ஆறாவதில் கேஸ்கெட் வழியாக இறங்கிய தண்ணீர் ஆண்டுக்கணக்கில் நின்று, சுவரில் அம்மைத் தழும்பு போலத் துருக்குழிகள். பிறகுதான் போர் கேஜை உள்ளே விட்டார். "ஏனுங்க தம்பி, பிளாக் சாகவில்லை. ஆறாவது போருக்கு மட்டும்தான் நோய். லைனர் அடித்துவிடலாம்" என்றார். லைனர் என்றால் கெட்டுப்போன துளைக்குள் அடித்து இறக்கும் புதுக் குழாய்.

வார்ப்பிரும்பு பிளாக் என்பதால்தான் அவர் அப்படிச் சொல்ல முடிந்தது. நம் ஊருக்கு நன்றாகப் புரிந்த உலோகம் அது. ஃபவுண்டரியும் போரிங் மெஷினும் கிராங்க் கிரைண்டிங்கும் சில கிலோமீட்டருக்குள் கிடைக்கிற ஊரில் வாழ்ந்துகொண்டு, பழைய எஞ்சினை அளக்காமல் தூக்கி எறிவது எனக்கு மனம் ஒப்பாத காரியம்.

படி 2: நம்பரைப் படியுங்கள்

ஸ்பார்க் பிளக் இருக்கும் பக்கத்தில், பிளாக்கின் மேல்விளிம்பில் எல்24 என்ற எழுத்தும் வரிசை எண்ணும் குத்தப்பட்டிருக்கும். கம்பித் துடைப்பானால் தேய்த்துவிட்டுப் படம் எடுத்து, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். ஹெட்டில் வார்ப்பிலேயே இ31, இ88, என்42 போன்ற குறி இருக்கும். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: எந்த எஞ்சின்?

மாமாவின் மகனுக்கு ஆசை நிஸான் ஸ்கைலைன் காரின் ஆர்பி25 டர்போ எஞ்சின் மேல். இளவயதில் எல்லாருக்கும் அந்த ஆசை வரும், தவறில்லை. அது 2.5 லிட்டர், ஆறு சிலிண்டர், நல்ல எஞ்சின். ஆனால் அதோடு வேறு கியர்பாக்ஸ், வேறு மவுண்ட், முழு வயரிங், கம்ப்யூட்டர், இன்டர்கூலர், உயர் அழுத்தப் பெட்ரோல் பம்பு எல்லாம் வந்தாக வேண்டும். பிறகு அந்த வேகத்தை நிறுத்தப் பின்னால் இருக்கும் டிரம் பிரேக் போதாது. ஆர்பி26 என்றால் இன்னொரு தலைவலி. அது நான்கு சக்கர இழுவை ஜிடிஆர் காருக்காகச் செய்யப்பட்டது. முன் டிஃபரன்ஷியல், எஞ்சினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்போடு இணைந்திருப்பதால் சம்பையே மாற்ற வேண்டும். நிஸானின் இன்னொரு எஞ்சினான எஸ்ஆர்20 இரண்டு லிட்டர், அலுமினிய பிளாக், எடை குறைவு. ஆனால் நான்கு சிலிண்டர். இந்தக் காரின் ஆறு சிலிண்டர் இசையை இழந்துவிடுவீர்கள்.

முதல்முறை இறங்குபவருக்கு நான் சொல்வது எல்28 எஞ்சினைத்தான். எல்24-இன் நேர் தம்பி அது. போர் 83 மில்லிமீட்டரிலிருந்து 86 ஆகவும், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 73.7-இலிருந்து 79 ஆகவும் வளர்ந்து 2,753 சி.சி. ஆனது. அதே மவுண்டில் உட்காரும், அதே கியர்பாக்ஸைப் பிடிக்கும், உங்கள் கார்புரேட்டர்களும் அதிலேயே ஏறும். பானெட்டைத் திறந்து பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. மலையேற்றத்தில் ஓட்டுபவருக்குத் தெரியும்.

எல்28-இலும் வகை உண்டு. 240இசட்டுக்குப் பின்னர் வந்த 280இசட்டின் என்42 பிளாக், 1981 முதலான 280இசட்எக்ஸில் வந்த எஃப்54 பிளாக் இரண்டுமே நல்லவை. டர்போ வகையில் கம்ப்ரஷன் விகிதம் 7.4 மட்டுமே. டர்போ இல்லாமல் கார்புரேட்டரோடு ஓட்டினால் சோம்பலாக இருக்கும். நிஸானின் 160 வரிசை பேட்ரோல் ஜீப்பிலும் எல்28 வந்தது. அது கிடைத்தால் சம்பின் வடிவத்தை உங்கள் காரின் குறுக்குச் சட்டத்தோடு ஒப்பிட்ட பிறகே வாங்குங்கள்.

ஹெட்டில் கவனம் தேவை. என்47, பி79 ஹெட்டுகளில் எக்ஸாஸ்ட் வாய் வட்டம். அதில் பொருந்த வேண்டிய 240இசட்டின் மேனிஃபோல்டு (புகையை வாங்கும் குழாய்) வாய் சதுரம். திருப்பூர் நண்பர் ஒருவர் படத்தை மட்டும் நம்பிப் பணம் அனுப்பி, பெட்டியைப் பிரித்த பிறகுதான் வட்ட வாயைப் பார்த்தார். விற்றவர் அதன் பிறகு போனை எடுக்கவில்லை. இன்னொன்று: எல்28 பெரும்பாலும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனோடு வந்ததால், கார்புரேட்டருக்கான மெக்கானிக்கல் பம்பு பொருத்தும் வசதி ஹெட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் மின்சாரப் பம்பு வைக்க வேண்டும்.

படி 4: பழைய எஞ்சினை வாங்கும்போது

ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். உள்பக்கம் மோர் நிறத்தில் பிசுக்கு இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஆயில் ஃபில்டரை வெட்டிப் பிரித்து, மடிப்புகளில் காந்தத்தை ஓட்டுங்கள். ஒட்டுவது இரும்புத் தூள். ஒட்டாமல் மின்னுவது பேரிங்கின் உலோகம், அது கிராங்க் வரை செலவு வைக்கும். தெர்மோஸ்டாட் மூடியைக் கழற்றி அலுமினியம் அரித்திருக்கிறதா என்று விரலால் தடவுங்கள்.

நம் பகுதியில் ஏற்கெனவே ஓடிய எஞ்சின் என்றால் தண்ணீர்ப் பாதையை இரட்டிப்பு அக்கறையோடு பாருங்கள். ஆழ்குழாய்க் கிணற்றின் உப்புத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றும் பழக்கம் இங்கே நிறைய. உள்ளே சுண்ணாம்பு போலப் படிந்து, கரூர் வெயிலில் எஞ்சினைக் கொதிக்க வைத்துவிடும். சிறுவாணித் தண்ணீர் நாக்குக்கு அமிர்தம்தான். ஆனாலும் எஞ்சினுக்கு டிஸ்டில்ட் வாட்டரும் கூலண்டும் மட்டுமே.

படி 5: காகிதம்

பணம் கொடுப்பதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய்விடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு வாகனத்தில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. எஞ்சின் எண்ணும் சி.சி.யும் மாறுகின்றன. ஒப்புதல் கிடைக்குமா, என்னென்ன ஆவணம் கேட்பார்கள் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். வாங்கிய ரசீது, இறக்குமதி என்றால் சுங்க ஆவணம் இரண்டும் இல்லாத எஞ்சினை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதித் தெரிவியுங்கள்.

படி 6: பொருத்துதல்

கிளட்ச்சில் ஒரு கண்ணி இருக்கிறது. பெடலை மிதிக்கும்போது கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் உட்காரும் காலர் (வளையம்) கியர்பாக்ஸில் இருப்பதால், கியர்பாக்ஸோடு சேர்ந்தது என்று நினைப்போம். அது கிளட்ச் தட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் உயரத்துக்கு ஜோடி. 225 மில்லிமீட்டர் கிளட்ச்சுக்கு ஒரு காலர், 240-க்கு வேறு காலர். மாற்றிப் போட்டால் கிளட்ச் விடாது அல்லது பிடிக்காது. எஞ்சினை மறுபடி இறக்க வேண்டும். பழைய பிரஷர் பிளேட்டையும் காலரையும் ஒரே பையில் கட்டி வையுங்கள்.

பெட்ரோல் குழாய்கள் அனைத்தையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றிவிடுங்கள். இப்போது பெட்ரோல் பங்குகளில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். ஐம்பது வயது ரப்பர் அதற்கு நிற்காது. கார்புரேட்டர் ஜெட்டையும் அதற்கேற்பத் திருத்த வேண்டியிருக்கும்.

இக்னிஷன் வரிசை (சிலிண்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றும் வரிசை) 1-5-3-6-2-4. எல்24-க்கும் எல்28-க்கும் ஒன்றே.

மாமா கடைசியில் எடுத்த முடிவு: ஓட்டுவதற்கு ஓர் எல்28. ஆர்.சி. எண்ணோடு பொருந்தும் பழைய எல்24 பிளாக்குக்கு லைனர் அடித்து, ஆயில் பூசி, மரப்பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறார். அப்பா கொண்டுவந்தது என்பதால் அதை விற்க மாட்டேன் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார்.

புது எஞ்சின் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஆயிலை மாற்றி, வால்வ் இடைவெளியைச் சரிபாருங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது இன்லெட் 0.25 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் 0.30. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். எங்கள் வண்டியின் முதல் மலைப் பயணம் அதுதான். திரும்பி வந்து வால்வ் கவரைத் திறந்தபோது, ஐந்தாவது எக்ஸாஸ்ட் வால்வ் மட்டும், இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தது. லாக் நட்டைத் தளர்த்தி, அரைக்கால் சுற்றுத் திருப்பி, மறுபடி மூடினோம்.