கடற்கரைப் பைப்பில் ஃபைபர் கிரேட்டிங் வைத்து அல்ட்ராசானிக் அலை பிடிப்பது

மணலி, எண்ணூர் பக்கம் டேங்க், பைப் வேலையில் விரிசலிலிருந்து வரும் அல்ட்ராசானிக் அலையைப் பிடிக்க வேண்டுமென்றால் கை முதலில் பீசோ சென்சரைத்தான் (அதிர்வை மின் சிக்னலாக மாற்றுவது) தேடும். பக்கத்தில் வெல்டிங் மெஷின் ஓடினால் சென்சரின் கேபிள் அந்த மின் இரைச்சலையும் சேர்த்து இழுத்துவிடும். ஃபைபர் பிராக் கிரேட்டிங்கில் (கண்ணாடி இழைக்குள் பதித்த, ஒரு குறிப்பிட்ட அலைநீள வெளிச்சத்தை மட்டும் திருப்பி அனுப்பும் நுண்வரிகள்) அந்தத் தொல்லை கிடையாது. அதற்கு வில்லன் வெயில்.

தேவையானவை: 1550 நானோமீட்டர் டியூனபிள் (அலைநீளத்தை மாற்றக்கூடிய) லேசர், சர்க்குலேட்டர் (திரும்பி வரும் வெளிச்சத்தைப் பிரித்து டிடெக்டருக்கு அனுப்புவது), 5 மி.மீ. கிரேட்டிங் உள்ள ஃபைபர், சில மெகாஹெர்ட்ஸ் வரை தாங்கும் ஃபோட்டோடிடெக்டர், 50 முதல் 500 கிலோஹெர்ட்ஸ் வரை விடும் ஃபில்டர், ஆசிலோஸ்கோப். கிரேட்டிங்கின் அலைநீளத்தை நொடிக்கு ஆயிரம் முறை அளக்கும் சாதாரண இன்டராகேட்டர் கருவி இதற்கு உதவாது.

ஒரு மைக்ரோஸ்ட்ரெயினுக்கு (நீளத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு இழுப்பு) கிரேட்டிங்கின் அலைநீளம் 1.2 பிகோமீட்டர்தான் நகரும். அல்ட்ராசானிக் அலை பெரும்பாலும் அதைவிடக் குறைவாகவே தரும். அதனால் அலைநீளத்தை அளக்கப் போகாதீர்கள். லேசரின் அலைநீளத்தை ஸ்வீப் செய்து (மெல்ல மாற்றிக்கொண்டே போய்) கிரேட்டிங்கின் ரிஃப்ளெக்ஷன் பீக்கைப் பாருங்கள். அதன் சரிவில் பாதி உயரத்தில் லேசரை நிறுத்துங்கள். பீக் அசைந்தால் திரும்பி வரும் வெளிச்சம் கூடிக் குறையும், அதுதான் சிக்னல். வந்தது நிஜ அலையா என்று சந்தேகமா? லேசரை மறுபக்கச் சரிவுக்கு மாற்றுங்கள். நிஜ அலை தலைகீழாகும்; மின் இரைச்சல் அப்படியே நிற்கும்.

கிரேட்டிங்கை நேராக இரும்பில் ஒட்டினால் என்ன ஆகும்? வெப்பம் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் பீக் சுமார் 24 பிகோமீட்டர் நகரும். காலையில் 30 டிகிரியில் இருந்த பைப் மதியம் 55 டிகிரிக்குப் போனால் 0.6 நானோமீட்டர். பீக்கின் அகலமே 0.2 சொச்சம்தான், லேசர் சரிவை விட்டு வெளியே நிற்கும், ஸ்கோப்பில் வெறும் கோடு.

ஆகவே கிரேட்டிங்கை ஒட்டாதீர்கள். அதற்கு 20 செ.மீ. தள்ளி ஃபைபரை மட்டும் பைப்பில் ஒட்டுங்கள். அலை ஒட்டிய இடத்தில் ஃபைபருக்குள் ஏறி, அதன் வழியே கிரேட்டிங்குக்கு வந்து சேரும். கிரேட்டிங்கை ஒரு சிறு டியூபில் தளர்வாக, நிழலில் விடுங்கள். இப்போது டிகிரிக்கு 10 பிகோமீட்டர்தான். மீதியை லேசரை மெதுவாகத் திருத்தும் ஃபீட்பேக் பார்த்துக்கொள்ளும். அது நூறு ஹெர்ட்ஸுக்குள் இருக்கட்டும். அதிவேகமாக வைத்தால் அலையையே அழித்துவிடும்.

ஒட்டும் இடத்தை 320 எமரி ஷீட்டால் தேயுங்கள். கடற்காற்றின் உப்பை அசிட்டோன் கரைக்காது. முதலில் டிஸ்டில்டு வாட்டர், பிறகு அசிட்டோன். பனியன் வேஸ்ட் வேண்டாம், எண்ணெயும் நூலும் ஒட்டிக்கொள்ளும். தேய்த்த இரும்பு இங்கே சீக்கிரமே துருவேறும், சூட்டோடு சூடாக ஒட்டிவிடுங்கள். ஃபைபரின் பிளாஸ்டிக் கோட்டிங்கை அந்த இடத்தில் மட்டும் உரித்து, ஃபெவிக்விக் வகைப் பசை ஒரு சொட்டு. ஈரப்பதம் மிகுந்த நாளில் அது நொடியில் இறுகி வெள்ளை பூக்கும். ஃபைபரை முன்கூட்டியே டேப்பால் நேராக்கி வையுங்கள். மாதக்கணக்கில் நிற்க வேண்டுமானால் எபாக்ஸிதான் சரி.

ஃபைபர் நீளவாக்கில் வரும் அலையைத்தான் நன்றாகப் பிடிக்கும், குறுக்கே வருவதை ஏறக்குறைய விட்டுவிடும். விரிசலை எதிர்பார்க்கும் திசைக்கே ஃபைபரைத் திருப்பி ஒட்டுங்கள். கிரேட்டிங்குக்கு அப்பால் மிஞ்சும் முனையைச் சாய்வாக வெட்டுங்கள். நேராக வெட்டினால் அங்கிருந்தும் வெளிச்சம் திரும்பி, பீக் முழுக்க அலையலையாகும். முனையில் கண் வைத்துப் பார்க்கக் கூடாது, இந்த லேசர் கண்ணுக்குத் தெரியாது.

சோதிக்க 0.5 மி.மீ. 2எச் பென்சில் லெட் போதும். 3 மி.மீ. நீட்டி, பைப்பின் மேல் சாய்த்து ஒடியுங்கள். முதலில் ஒட்டிய இடத்தை ஒட்டியே ஒடித்து, நேரம் எண்ணத் தொடங்கும் ட்ரிக்கராக ஒரு பீசோவை வைத்து, அலை ஃபைபருக்குள் எடுக்கும் நேரத்தைக் குறியுங்கள். 20 செ.மீ.க்குச் சுமார் 40 மைக்ரோசெகண்ட் வரும். விரிசலின் தூரத்தைக் கணக்கிடும்போது இதைக் கழிக்காவிட்டால், இரும்பில் 20 செ.மீ. தள்ளிப்போய் வேறு இடத்தைத் தோண்டிக்கொண்டிருப்பீர்கள்.