சாமிகிட்ட பழகத் தெரியாம நாம பண்ற தப்புங்க

"அண்ணே, எந்தச் சாமி சீக்கிரம் பலன் குடுக்கும்?" சிங்கப்பூர் தேக்காவுல டீ குடிச்சிட்டு இருக்கும்போது கூட வேலை பாக்குற தம்பி ஒருத்தன் இப்படிக் கேட்டான். பிஆர் (நிரந்தரமா தங்குற உரிமை) அப்ளை பண்ணி ஒரு தடவ ரிஜெக்ட் ஆயிருச்சு அவனுக்கு, அதனால செவ்வாய்க்கிழமை முருகன், வெள்ளிக்கிழமை வீரமாகாளி, சனிக்கிழமை பெருமாள், நடுவுல யாரோ சொன்னாங்கன்னு வாட்டர்லூ ஸ்ட்ரீட்டு குவான் யின்ங்கிற சீன அம்மன் கோயிலுக்கும் போயி குறி பாக்குற குச்சி குலுக்கிட்டு வந்திருக்கான். எனக்குச் சிரிப்பு வந்துச்சு, பாவமாவும் இருந்துச்சு, ஏன்னா இருபத்தஞ்சு வயசுல நானும் இதே ரவுண்டு அடிச்சவன்தான்.

நான் குருக்களும் இல்ல, சாமியாடியும் இல்ல. சாமி இருக்கா இல்லையான்னு சண்டை போடவும் வரல. இருக்குன்னு நம்பி கும்புடுறவங்க, இங்க சிங்கப்பூர்ல இருந்துக்கிட்டு, எங்கெங்க சறுக்குறோம்னு பாத்ததையும் பட்டதையும் வெச்சு எழுதுறேன்.

மொதல் தப்பு, யார்கிட்ட போறோம்னே தெரியாம போறது. முனீஸ்வரனையே எடுத்துக்கோங்க. காமன்வெல்த் டிரைவ்ல இருக்கிற முனீஸ்வரன் கோயில் 1932ல குவீன்ஸ்டவுன் பக்கம் தண்டவாளத்து ஓரமா ரயில்வே தொழிலாளிங்க கும்புட ஆரம்பிச்சது. காவலுக்கு நிக்கிற சாமி அவரு. ஆனா முனின்னு பேரு கேட்ட ஒடனே சுருட்டும் பாட்டிலும் வாங்கிட்டு கெளம்பிடுறாங்க. ஒரு எடத்துல முனிக்கு சைவப் படையல் மட்டுந்தான், இன்னொரு எடத்துல சுருட்டு கொளுத்தி வெக்கிறது வழக்கம். பேரு ஒண்ணா இருந்தாலும் எடத்துக்கு எடம் மொற வேற. யார் வீட்டுக்காச்சும் விருந்துக்குப் போனா அவங்க கறி சாப்பிடுவாங்களா மாட்டாங்களான்னு கேட்டுக்கிட்டுத்தானே வாங்கிட்டுப் போவோம்? கோயில் ஆபீஸ்ல ஒரு வார்த்த கேக்கறதுக்கு ரெண்டு நிமிஷம் ஆகாது.

அடுத்தது வேண்டுதல். இதுல நான் நல்லாவே மாட்டுனேன். எங்க அம்மாவுக்கு ஆபரேஷன்னு சொன்னப்போ, நல்லபடியா வந்துட்டா மூணு வருஷம் தொடர்ந்து பால்குடம் எடுக்குறேன் முருகான்னு வாய் குடுத்துட்டேன். அம்மா நல்லாயிட்டாங்க, 2020 தைப்பூசத்துக்கு பெருமாள் கோயில்லேர்ந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரைக்கும் எடுத்துட்டேன், அப்புறம் கொரோனா வந்துருச்சு. 2021, 2022 ரெண்டு வருஷமும் பாத ஊர்வலமே கெடையாது, 2023லதான் பழையபடி ஆரம்பிச்சாங்க. அந்த ரெண்டு வருஷமும் எனக்கு ராத்திரி தூக்கம் வராது, சின்னதா ஜொரம் அடிச்சாக்கூட 'சாமிக்கு பாக்கி வெச்சிருக்கோம்ல, அதான்'னு தோணும். கடைசியில ஒரு வயசான குருக்கள்கிட்ட போயி பொலம்புனேன். அவரு சாதாரணமா சொன்னாரு, "ஏம்ப்பா, ஊரே பூட்டிக் கெடந்தது அவனுக்குத் தெரியாதா? வழி தெறந்ததும் வந்து எடு." அவ்ளோதான். 2023லயும் 2024லயும் எடுத்து முடிச்சேன்.

அதுக்கப்புறம் நான் பழகிக்கிட்டது என்னன்னா, பதட்டத்துல இருக்கும்போது கணக்கு போட்டு வேண்டுறதில்ல. பெருசா ஒண்ணு சொல்லிட்டு முடியாம முழிக்கிறதவிட, தெனம் ஒரு வெளக்கு, அது முடியலன்னா வெள்ளிக்கிழமை மட்டும் ஒரு வெளக்கு. ஆரம்பிச்சா விடாம செய்ய முடியுற அளவுக்கு மட்டும். புதுசா கோயில் பக்கம் வர்ற பசங்க மொத வருஷமே அலகு காவடிக்கு நிக்கிறாங்க, விரதம் நாப்பத்தெட்டு நாள்னா 'அண்ணே ஒரு வாரம் இருந்தா ஓகேவா'ன்னு பேரம் பேசுறாங்க, ஆனா காவடி மட்டும் எல்லாத்தையும்விட பெருசா வேணும். காவடி யாருகிட்டேர்ந்து வந்துச்சுன்னு யோசிச்சுப் பாருங்க. சிவகிரி, சக்திகிரின்னு ரெண்டு மலைய தோள்ல கட்டித் தூக்கிட்டு வந்த இடும்பன், குருநாதர் அகத்தியர் சொன்ன வேலைய செஞ்சவன். அவன் தூக்குனது அடுத்தவன் சொமை. போட்டோவுக்காக தூக்கல. அதனாலதான் வெவரம் தெரிஞ்ச குடும்பங்கள்ல தைப்பூசம் முடிஞ்ச கையோட விட்டுடாம இடும்பன் பூஜையும் போட்டு விரதத்த முடிப்பாங்க. நெறைய பேரு அத மறந்துட்டு நேரா கோழிக்கறிக்குப் போயிடுறாங்க, வாங்கித் தின்னுட்டு நன்றி சொல்லாம எந்திரிச்சுப் போற மாதிரிதான் அது.

இதச் சொன்னா ஒடனே ஒருத்தர் வருவாரு, "கண்ணப்ப நாயனார் எந்த மொறையப் பாத்தாரு? எச்சிக் கறியத்தானே குடுத்தாரு? அன்பு இருந்தா போதும்." இந்த வசனத்தக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப் போச்சு. கண்ணப்பர் ஏனோதானோன்னா செஞ்சாரு? வேட்டையாடி, நெருப்புல வாட்டி, எது மெதுவா ருசியா இருக்குன்னு கடிச்சுப் பாத்து நல்லதா தேடி எடுத்து வெச்சாரு, ராத்திரி பூரா வில்லோட காவல் நின்னாரு, கடைசியில கண்ணையே நோண்டி அப்புனாரு. ஆறே நாளு கதை, அதுல ஒரு நாளு கூட அவரு அசால்ட்டா இருக்கல. நாம குளிக்காம செல்ஃபோன நோண்டிக்கிட்டே ஊதுபத்தி கொளுத்திட்டு அவர சாட்சிக்குக் கூப்புடுறோம்.

பயம் பத்தியும் சொல்லணும். பெரியாச்சி சந்நிதி பக்கமே திரும்பாம ஓடுற ஆளுங்கள பாத்திருக்கேன், அந்தக் கோலத்தப் பாத்தா யாருக்கும் கொஞ்சம் திக்குன்னுதான் இருக்கும், மடியில ஒருத்திய கெடத்தி வயித்த கிழிச்சிருக்கும். ஆனா அவ யாரு? பிள்ளத்தாச்சிக்கும் பச்சப்புள்ளைக்கும் காவல். கொழந்த பொறந்து மாசம் ஆனதும் சிராங்கூன் ரோடு வீரமாகாளியம்மன் கோயில்ல அவகிட்ட தூக்கிட்டுப் போயி காட்டிட்டு வர்றாங்க. உக்கிரம் புள்ளைக்கு கெடுதல் நெனைக்கிறவன்கிட்ட, புள்ளகிட்ட இல்ல. லிஃப்ட் ரிப்பேர்லேர்ந்து பையன் பிஎஸ்எல்இ (ஆறாம் வகுப்புப் பரிட்சை) மார்க் வரைக்கும் எல்லாத்துக்கும் 'சாமி குத்தம்'னு சொல்றவங்க, சாமிய ஒரு கோவக்கார மொதலாளியா ஆக்கிடுறாங்க. அப்படிப் பயந்து கெடக்கிறவங்களத்தான் ஏமாத்துறவன் தேடுவான்.

அந்தக் கதையும் எங்க வீட்டுல நடந்துச்சு. சொந்தக்காரங்க ஒருத்தர், வீட்டுல ஏதோ இருக்குன்னு ஒருத்தன் ஃபோன்லயே சொன்னத நம்பி, கழிப்பு கழிக்க மொதல்ல 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அப்புறம் 800, அப்புறம் 'அது போக மாட்டேங்குது, இன்னும் ஒரு பூஜை'ன்னு போயிக்கிட்டே இருந்துச்சு. கவனிச்சுப் பாத்தா ஒவ்வொரு தடவையும் பேயி இவங்க பேங்க் பேலன்ஸ் அளவுக்குத்தான் பலமா இருந்துச்சு. கோயில்ல அர்ச்சனைக்கு என்ன ரேட்டுன்னு போர்டு போட்டு வெச்சிருப்பாங்க, ரசீது தருவாங்க. ரசீது இல்லாத, அவசரப்படுத்துற, 'யார்கிட்டயும் சொல்லாதீங்க'ன்னு சொல்ற எடத்துல ஒரு காசு குடுக்காதீங்க. காதுல சத்தம் கேக்குது, வாரக்கணக்குல தூக்கமே இல்ல, யாரோ பின்னாடியே வர்றாங்கன்னு வீட்டுல யாராச்சும் சொன்னா திருநீறு பூசுங்க, தப்பே இல்ல, ஆனா பாலிகிளினிக்குக்கும் (அரசாங்க ஆஸ்பத்திரி) கூட்டிட்டுப் போங்க. சாமி வந்து ஆடுறவங்க மருந்த நிறுத்துன்னு சொன்னாலும் நிறுத்தாதீங்க. அப்புறம் சாமி ஆடும்போது மூஞ்சிக்கு நேரா ஃபோன நீட்டி வீடியோ எடுக்கறது, 'நெஜமாவே வந்திருக்கா, என் பாக்கெட்ல என்ன இருக்கு சொல்லு'ன்னு சோதிக்கிறது, இதெல்லாம் ரொம்ப அசிங்கம். அந்த மனுஷனுக்கு அந்த நேரத்துல தன் நெனப்பே இருக்காது, வீடியோ மட்டும் ஊர் பூரா சுத்தும்.

நம்ம ஊர்ல இன்னொரு விஷயம், எல்லாருடைய சாமியும் பக்கத்து பக்கத்துல இருக்கு. வாட்டர்லூ ஸ்ட்ரீட்டு கிருஷ்ணன் கோயில்ல சீன ஆன்ட்டிங்க ஊதுபத்தி வெச்சு கும்புடுறதப் பாக்கும்போது எனக்கு சந்தோஷமா இருக்கும், லோயாங் கோயில்ல சீனங்க கும்புடுற துவா பெக் கோங், நம்ம பிள்ளையார், மலாய்க்காரக் காவல் சாமி டத்தோ எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ. அதுக்காக நம்ம இஷ்டத்துக்கு நடக்கலாம்னு இல்ல. டத்தோகிட்ட போறதுக்கு முன்னாடி பன்னிக்கறி சாப்பிடக்கூடாதுன்னு சீனங்களே அத்தன கவனமா இருப்பாங்க, குசு தீவுல 2022ல தீப்பிடிக்கிறதுக்கு முன்னாடி மேல இருந்த கெராமாத்துக்கு (மலாய்க்காரப் பெரியவங்க சமாதி) 152 படி ஏறிப் போனவங்ககிட்ட கேட்டுப் பாருங்க. செத்தவங்களுக்குப் படைக்கிற சீன ஏழாம் மாசத்துல அடுக்குமாடி பிளாக்குக்குக் கீழ சோறு, ஆரஞ்சு, மெழுகுவத்தி வெச்சிருந்தா சுத்திப் போங்க, மிதிக்காதீங்க, புள்ளைங்க எடுக்க விடாதீங்க. அந்த மாசம் நடக்குற கெத்தாய் மேடைக் கச்சேரியில மொத வரிசை நாற்காலி காலியா கெடக்கேன்னு போயி ஒக்காராதீங்க, அது செத்துப் போனவங்களுக்கு விட்டது. அவங்க கொளுத்துற பொக தாங்க முடியலன்னா ஜன்னல சாத்துங்க. நாம பொரட்டாசி மகாளயத்துல செய்யிறதத்தான் அவங்க அவங்க மொறையில செய்யிறாங்க.

குலதெய்வம் தெரியலன்னு சொல்றவங்க இங்க ஏராளம், மூணு நாலு தலமொறை ஆயிருச்சுல்ல. ஆன்லைன்ல ஜாதகம் அனுப்பி 'என் குலதெய்வம் யாரு'ன்னு காசு கட்டிக் கேக்கறதுக்கு முன்னாடி, வீட்டுல இருக்கிற பழைய கல்யாண பத்திரிகைய தேடுங்க. மேல 'ஸ்ரீ அய்யனார் துணை', 'அங்காளம்மன் துணை'ன்னு அச்சடிச்சிருக்கும், பாதி பேருக்கு பதில் அங்கயே இருக்கு. தாத்தாவுக்கு மொத மொட்டை எங்க போட்டாங்கன்னு கேளுங்க, ஊர்ல பங்காளிங்க யாருன்னு கேளுங்க. தெரிஞ்சதும் திருச்சி ஃபிளைட்ட புடிச்சுப் போயி ரெண்டு லட்சத்துக்கு கெடா வெட்டி கும்பாபிஷேகம் பண்ணணும்னு இல்ல, போயி பொங்க வெச்சு 'வந்துட்டோம்'னு சொன்னா போதும், அடுத்த தடவ போறதுக்கு மறக்காம இருந்தா சரி.

கடைசியா வீட்டு வெவகாரம் ரெண்டு. ஒண்ணு, ஒடஞ்ச சாமி படம், பழைய பொம்மை எல்லாத்தையும் பிளாக்குக்குக் கீழ மரத்தடியில வெச்சிட்டுப் போறது. வருஷக்கணக்கா கும்புட்ட சாமிய மழையில நனைய விட்டுட்டுப் போறதுக்கு எப்படி மனசு வருதோ, அதக் கூட்டி அள்ளுறது துப்புரவு வேலை பாக்குற வங்காளதேசத்துத் தம்பி. கண்ணாடி, ஃபிரேம தனியா கழட்டுங்க, படத்த ஒரு மஞ்சத் துணியில சுத்துங்க, கோயில்ல என்ன செய்யலாம்னு கேளுங்க. இன்னொண்ணு அமாவாசைக்கு காக்காவுக்கு சோறு வெக்கிறது. காரிடார் சொவத்து மேல எல வெச்சு 'கா கா'ன்னு கூப்புட்டுட்டு இருந்தாரு எங்க மாமா, இங்க பறவைகளுக்குத் தீனி போடறது சட்டப்படி குத்தம், மொத தடவைக்கே 5,000 வெள்ளி வரைக்கும் ஃபைன் போடலாம்னு சொன்னா நம்பல. இப்ப அவரு சோறப் படைச்சு, தண்ணி தெளிச்சு, தாத்தா பேரச் சொல்லி, அத அப்படியே டப்பாவுல கட்டிக் கீழ தனியா இருக்கிற ஒரு பாட்டிக்கு குடுத்துட்டு வர்றாரு. பாட்டி போன மாசம் உப்பு கம்மின்னு சொல்லி அனுப்புனாங்களாம்.