நைஜீரிய மருத்துவமனையில் ஊழியர் நலனையும் நோயாளர் அனுபவத்தையும் ஒன்றாகச் சீராக்குவது எப்படி

நைஜீரியாவில் ஒரு மருத்துவமனையின் நிர்வாகத்தையோ தரக் கண்காணிப்பையோ ஏற்றுக்கொள்பவர் முதல் வாரத்திலேயே இரண்டு வகைப் புகார்களைக் கேட்பார். செவிலியர்கள் சீறி விழுகிறார்கள், மருத்துவர் முகம் பார்த்துப் பேசுவதில்லை, எவ்வளவு செலவாகும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை என்பது நோயாளர்களின் புகார். ஆள் போதவில்லை, கையுறை இல்லை, இரவுப் பணி முடித்தவரை அப்படியே பகல் பணிக்கும் நிறுத்திவைக்கிறார்கள் என்பது ஊழியர்களின் புகார். கூட்டாட்சி மருத்துவமனைகளில் முதலாவது புகார் பெரும்பாலும் சர்விகாம் மேசைக்குப் போகிறது. 2004இல் அரசு தொடங்கிய சேவை உறுதிமொழித் திட்டத்தின் பிரிவு அது. இரண்டாவது புகார் சங்கங்களின் வழியே வருகிறது. இரண்டு கோப்புகளும் இரண்டு அறைகளில் இருப்பதாலேயே, அவை ஒரே கோளாறிலிருந்து கிளைத்தவை என்பது கண்ணில் படாமல் போகிறது. இந்த வழிகாட்டி அவற்றை ஒரே கோப்பாக வைத்துக் கையாளும் முறையைச் சொல்கிறது.

கைக்கு எட்டுவது எது என்று முதலில் தெளிவுபடுத்துங்கள்

நாட்டில் 36 மாநிலங்களும் அபுஜா கூட்டாட்சித் தலைநகரப் பகுதியும் 774 உள்ளாட்சிப் பகுதிகளும் உள்ளன. ஆரம்ப சுகாதார நிலையங்கள் உள்ளாட்சியோடும், பொது மருத்துவமனைகள் மாநிலத்தோடும், பல போதனா மருத்துவமனைகள் கூட்டாட்சியோடும் சேர்ந்தவை. கூட்டாட்சி மருத்துவமனையில் மருத்துவர்களின் சம்பளம் கான்மெஸ் அளவையின்படியும் மற்றச் சுகாதார ஊழியர்களின் சம்பளம் கான்ஹெஸ் அளவையின்படியும் அபுஜாவில் தீர்மானிக்கப்படுகிறது. அங்கே பொறுப்பேற்பவர் சம்பள உயர்வு பற்றி எந்த வாக்குறுதியும் தரக் கூடாது. பணியிலுள்ள ஆபத்துக்காகத் தரப்படும் படித்தொகை பல ஆண்டுகள் மாதம் 5,000 நைராவிலேயே நின்று, 2021 இறுதியில்தான் உயர்த்தப்பட்டது என்பதை ஊழியர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அரசின் சொல்லை அவர்கள் எடைபோடும் விதமும் அதற்கேற்பவே இருக்கும். 2001இல் அபுஜாவிலேயே கூடிய ஆப்பிரிக்கத் தலைவர்கள் வரவுசெலவில் குறைந்தது 15 விழுக்காட்டைச் சுகாதாரத்துக்கு ஒதுக்குவதாக உறுதி கூறினார்கள். அந்தக் கூட்டத்தை நடத்திய நாடே அந்த அளவை எட்டவில்லை.

ஆனால் பணிப்பட்டியல், ஓய்வறை, தண்ணீர், மின்சாரம், பாதுகாப்பு, கையிருப்பு, விடுப்பு அனுமதி, பணம் கட்டும் இடங்களின் அமைப்பு ஆகியவை பெருமளவு உள் நிர்வாகத்தின் கையில் இருப்பவை. அவற்றை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

நோயாளி நடக்கும் வழியில் நீங்களும் நடந்து பாருங்கள்

வெளிநோயாளர் பிரிவு நடக்கும் ஒரு நாளில், பொழுது விடியும் முன்பே வந்து கார்டு அறையின் முன் வரிசையில் நில்லுங்கள். நோயாளி அட்டை வாங்கப் பணம் கட்டுகிறார், கோப்பு தேடி எடுக்கப்படும்வரை காத்திருக்கிறார், மருத்துவரைப் பார்க்கிறார், பரிசோதனைக்குப் பணம் கட்டுகிறார், மருந்துக்கு மறுபடியும் பணம் கட்டுகிறார், மருந்தகத்தில் இல்லையென்றால் வாயிற்கதவுக்கு வெளியே உள்ள கடைக்குப் போகிறார். மருத்துவச் செலவில் 70 விழுக்காட்டுக்கும் மேல் மக்கள் தங்கள் பையிலிருந்தே கொடுக்கும் நாடு இது. 2022ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் காப்பீட்டு ஆணையச் சட்டம் காப்பீட்டைக் கட்டாயமாக்கியிருந்தாலும், வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் இன்னும் காப்பீடு இல்லாதவர்களே.

இந்த நடையில் காத்திருக்கும் நேரத்தைக் குறித்துக்கொள்வது எல்லோரும் செய்யும் வேலை. அதைவிடப் பயனுள்ள கேள்வி வேறொன்று உண்டு: ஒவ்வொரு இடத்திலும் ‘இல்லை’ என்ற செய்தியை நோயாளியிடம் சொல்பவர் யார்? படுக்கை இல்லை, கையுறை இல்லை, முன்பணம் கட்டாமல் ஊசி போட முடியாது, மின்சாரம் வரும்வரை எக்ஸ்ரே எடுக்க முடியாது என்பனவற்றை எழுதிக்கொண்டே வந்தால், பெரும்பாலும் எதையும் தீர்மானிக்கும் அதிகாரம் இல்லாத ஓர் இளம் செவிலியரோ, பயிற்சி மருத்துவரோ, காவலாளியோதான் அதைச் சொல்லிக்கொண்டிருப்பார். மேலே எடுக்கப்பட்ட முடிவின் மீதான கோபம் முழுவதும் அவர் மீது விழுகிறது. ஒரே நாளில் பல முறை இப்படி வசை வாங்குபவர், வசை வருவதற்கு முன்பே முகத்தை இறுக்கிக்கொள்ளக் கற்றுக்கொள்கிறார். நோயாளர்கள் கடுமை என்று எழுதிக் கொடுப்பது பல வேளைகளில் அந்த இறுக்கத்தைத்தான். ஆகவே கனிவாகப் பேசும் பயிற்சியிலிருந்து சீர்திருத்தத்தைத் தொடங்குவது, என் கருத்தில், பணத்தையும் ஊழியர்களின் பொறுமையையும் ஒருசேர வீணாக்கும் வழி.

‘இல்லை’ என்று சொல்லும் சுமையைக் கீழிருந்து எடுங்கள்

அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து தொடங்க வேண்டும். கையுறை, நரம்பூசிக் குழாய், உப்புநீர், தையல் நூல், வலி மருந்து ஆகியவற்றை ஒரு பொதியாகக் கட்டி, போதுமான எண்ணிக்கையில் எப்போதும் வைத்திருங்கள். முதலில் பயன்படுத்திவிட்டுப் பிறகு கணக்கில் சேர்க்கும் சுழல்நிதி ஒன்றை அதற்கென ஒதுக்குங்கள். இது கருணைக்காகச் செய்யும் ஏற்பாடு மட்டுமன்று. 2014ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டம் எந்தக் காரணத்துக்காகவும் அவசர சிகிச்சையை மறுக்கக் கூடாது என்கிறது. மீறுவோருக்கு 1,00,000 நைரா அபராதமோ ஆறு மாதங்கள்வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். துப்பாக்கிக் குண்டு பாய்ந்தவரைக் காவல்துறை அனுமதிக்காகக் காத்திராமல் ஏற்க வேண்டும் என்று 2017இல் தனிச் சட்டமே வந்தது. சட்டம் இவ்வாறிருக்க, முன்பணம் கேட்கும் வேலையை இரவுப் பணிச் செவிலியரிடம் விட்டுவைத்தால், குற்றத்துக்கான பொறுப்பையும் அவர் தலையில் கட்டியதாகும். முன்பணம், கட்டணத் தள்ளுபடி, தவணை ஆகியவற்றைத் தீர்மானிப்பதற்கு இரவிலும் தொலைபேசியில் கிடைக்கக்கூடிய ஒரு மூத்த அலுவலர் பெயர் குறித்து நியமிக்கப்பட வேண்டும்.

பணம் கட்ட முடியாதவர்களை மருத்துவச் சமூகப்பணிப் பிரிவுக்கு அனுப்பும் வழி சேர்க்கையின்போதே தொடங்கினால், குணமானவரைக் கட்டணத்துக்காக விடுதியிலேயே (வார்டிலேயே) நிறுத்திவைக்கும் நிலை குறையும். அந்த வழக்கம் நோயாளியை அவமதிப்பதோடு, அவரைப் பராமரித்த செவிலியரையே அவருக்குக் காவலும் இருக்க வைக்கிறது. அதற்குப் பிறகு அந்த விடுதியில் நம்பிக்கை பற்றிப் பேசுவது வீண். படுக்கை நிலவரத்தை ஒரே அலுவலர் நாளுக்கு மூன்று முறை திரட்டி, இடமில்லை என்றால் அருகிலுள்ள எந்த மருத்துவமனையில் உண்டு என்று விசாரித்துச் சொல்லும் ஏற்பாடும் தேவை. வழக்கமான கட்டணங்களை நுழைவாயிலில் பெரிய எழுத்தில் ஒட்டிவிடுங்கள்.

பணிப்பட்டியலும் உறக்கமும்

ஊழியர்கள் வெளிநாடு செல்வதை எல்லோரும் ‘ஜப்பா’ என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட, சுகாதாரப் பணியாளர் பற்றாக்குறையால் பாதுகாப்புத் தேவைப்படும் 55 நாடுகளின் பட்டியலில் நைஜீரியாவும் உண்டு. போனவரின் இடம் நிரப்பப்படுவதற்குள் அவருடைய பணி நேரங்கள் இருப்பவர்களுக்குப் பகிரப்படுகின்றன; களைத்தவர்களில் இன்னும் சிலர் போகிறார்கள். இந்தச் சுழலை நிறுத்த ஒரு மருத்துவமனையால் முடியாது. ஆனால் வேகத்தைக் குறைக்க முடியும்.

முழு இரவு அழைப்புப் பணி பார்த்த மருத்துவர் மறுநாள் நண்பகலுக்குள் வீட்டுக்குப் போக வேண்டும் என்ற விதியை எழுத்தில் கொண்டுவாருங்கள். அதை மீற வேண்டியிருந்தால் துறைத் தலைவர் காரணம் எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். கையொப்பம் கேட்கப்படும்போது மீறல்கள் தாமாகக் குறையும். பணி ஒப்படைப்பை ஒரே பக்கத் தாளில், நோயாளியின் படுக்கையருகே நின்று செய்ய வைத்தால் இரண்டு பயன் கிடைக்கிறது: புதிதாக வருபவர் தவறவிடுவது குறைகிறது, அடுத்த பன்னிரண்டு மணி நேரம் தன்னைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் யார் என்று நோயாளிக்கும் தெரிகிறது. ஒரு விடுதியை இரவில் ஒரே செவிலியரிடம் விடாதீர்கள். அதற்கு ஆள் இல்லையென்றால் இரண்டு விடுதிகளை ஒன்றாக்கிச் சில படுக்கைகளை மூடுவதே நேர்மையான முடிவு, வருமானம் குறைந்தாலும்.

பணி தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் சாலையின் நிலையைப் பொறுத்து அமைய வேண்டும் என்பதைப் பல நிர்வாகிகள் எண்ணிப் பார்ப்பதில்லை. 2023 மே மாதத்தில் பெட்ரோல் மானியம் நீக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டபின் பேருந்துக் கட்டணம் பன்மடங்கு ஏறியது. இருட்டிய பின் பயணம் செய்வது பல பகுதிகளில் கடத்தல் அச்சத்தைத் தருகிறது. ஊழியர் வண்டி ஒன்றை முக்கியச் சந்திப்புகள்வரை ஓட்டுவது, ஒரு விருது விழாவைவிட அதிகம் மதிக்கப்படும். வளாகத்துக்குள் இருக்கும் குடியிருப்புகளையும் சோதியுங்கள்: 2023 ஆகஸ்டில் லாகோஸ் தீவில் மருத்துவர் குடியிருப்பின் மின்தூக்கி அறுந்து விழுந்து ஓர் இளம் மருத்துவர் உயிரிழந்தார். மின்சாரத்தைப் பொறுத்தவரை, 2024 ஏப்ரலில் ‘ஏ’ பிரிவு (நாளுக்குக் குறைந்தது 20 மணி நேரம் மின்சாரம் பெறும்) நுகர்வோருக்கான கட்டணம் அலகுக்கு ஏறத்தாழ 225 நைராவாக உயர்ந்ததிலிருந்து டீசலையும் மின்கட்டணத்தையும் மட்டும் நம்பியிருப்பது கடினம். பிரசவ அறை, அவசரப் பிரிவு, மருத்துவர் ஓய்வறை ஆகியவற்றுக்கு முதலில் சூரிய மின்சாரம் கொடுங்கள். ஓய்வறை அந்த வரிசையில் இருப்பது ஆடம்பரம் என்று கணக்குப் பிரிவு சொல்லக்கூடும், விட்டுக்கொடுக்க வேண்டாம்.

தொற்றும் தாக்குதலும்

லாசா காய்ச்சல் 1969இல் போர்னோ மாநிலத்து லாசா என்ற ஊரில் பணிபுரிந்த செவிலியர் வழியாகவே உலகுக்குத் தெரியவந்தது. 2014இல் எபோலா லாகோஸுக்குள் நுழைந்தபோது, முதல் நோயாளி மருத்துவமனையை விட்டு வெளியேறாமல் தடுத்து நிறுத்திய டாக்டர் அமேயோ அடாடெவோ அதே நோயால் இறந்தார். நோய் 20 பேரோடு நின்றது. இறந்த எட்டுப் பேரில் சுகாதார ஊழியர்களும் இருந்தார்கள். இந்த நினைவுள்ள ஊழியரிடம் கையுறையைச் சிக்கனமாகப் பயன்படுத்தச் சொன்னால், அவர் காய்ச்சல் நோயாளியைத் தொடாமல் ஒதுங்குவார். ஒதுக்கப்பட்டதாக நோயாளி உணர்வார். துப்புரவாளர் உட்பட எல்லோருக்கும் கல்லீரல் அழற்சி ‘பி’ தடுப்பூசி மூன்று தவணையும் போடப்பட்டதைப் பதிவு செய்யுங்கள். ஊசி குத்திக்கொண்டவருக்கு எச்.ஐ.வி. தடுப்பு மருந்து எவ்வளவு விரைவாக முடியுமோ அவ்வளவு விரைவாக, அதிகம் போனால் 72 மணி நேரத்துக்குள், தொடங்கப்பட வேண்டும். மருந்து விடுமுறை நாளிலும், எந்தக் கேள்வி விசாரணையும் இல்லாமல் கிடைக்க வேண்டும்.

உறவினர்களின் தாக்குதல் பெரும்பாலும் மரணச் செய்தியைச் சுற்றியே நடக்கிறது. அதை நடைவழியில் நின்று இளையவர் சொல்லக் கூடாது. ஒரு தனி அறையில், மூத்த மருத்துவர் அமர்ந்து, குடும்பம் பேசும் மொழியில், அதற்குமுன் கட்டணப் பேச்சு எதுவும் எடுக்காமல் சொல்ல வேண்டும். இழிவாகப் பேசும் அல்லது கைநீட்டும் நோயாளிக்குச் சிகிச்சை அளிக்க மறுத்து, அதை மேலிடத்துக்கு அறிவிக்கும் உரிமையை, மனநோயாளிகள் தவிர, 2014ஆம் ஆண்டுச் சட்டம் ஊழியருக்குத் தந்திருக்கிறது. பலருக்கு இது தெரியாது.

கேட்பதும் அளப்பதும்

2018இல் வெளியான நோயாளர் உரிமைப் பட்டயம் தகவல் பெறும் உரிமை, தனிமை, மரியாதை, புகார் செய்யும் உரிமை முதலியவற்றை அடுக்குகிறது. அதைச் சுவரில் ஒட்டுவது எளிது. நோயாளியிடமிருந்து உண்மையைப் பெறுவதுதான் கடினம், ஏனெனில் படுக்கையில் இருப்பவர் நாளையும் அதே செவிலியரின் தயவில் இருக்கப் போகிறவர். கேட்டால் கடவுளுக்கு நன்றி சொல்லி முடித்துக்கொள்வார். வீடு திரும்பியபின், விடுதியோடு தொடர்பில்லாத ஒருவர் ஹவுசாவிலோ யொருபாவிலோ இக்போவிலோ பிட்ஜின் என்னும் கலப்பு ஆங்கிலத்திலோ தொலைபேசியில் பேசட்டும். திருப்தியா என்று கேட்க வேண்டாம். எத்தனை முறை பணம் கட்டினீர்கள், வெளியே வாங்கிய பொருள்கள் எவை, உங்கள் நோய் என்ன என்று யார் சொன்னார்கள் என்று கேட்கட்டும்.

ஊழியர்களிடம் பெயர் கேட்காமல், மேலதிகாரி வழியாக அல்லாமல், உறக்கம், களைப்பு, வெளியேறும் எண்ணம் பற்றிக் கேளுங்கள். இரு விடைகளையும் விடுதிவாரியாக ஒரே பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இதை ஆராயும் குழுவில் மருத்துவர்கள் மட்டும் இருந்தால் செவிலியரும் ஆய்வகத்தாரும் அதை ஏற்க மாட்டார்கள்; மருத்துவர் சங்கத்துக்கும் மற்ற ஊழியர்களின் கூட்டமைப்பான ஜோஹெசுவுக்கும் இடையிலான பிணக்கு நீண்டகாலமானது. ஒப்பந்தத் துப்புரவாளர், காவலாளி, கோப்பறை எழுத்தர் ஆகியோரும் குழுவில் வேண்டும். நோயாளி முதலில் பேசுவது அவர்களிடம்தான். பேசும் முறைப் பயிற்சியை இந்தக் கட்டத்தில் தொடங்கினால் கேட்பவர்கள் இருப்பார்கள்.

வேலைநிறுத்தத்துக்கு முன்கூட்டியே ஆயத்தமாக இருங்கள்

2021இல் பயிற்சி மருத்துவர்கள் ஆகஸ்ட் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ இரண்டு மாதங்கள் பணிக்கு வரவில்லை. அதுபோல மீண்டும் நிகழும். அமைதியான காலத்திலேயே அவசரப் பிரிவு, பிரசவம், குருதிச் சுத்திகரிப்பு ஆகியவற்றில் குறைந்தபட்சம் யார் இருப்பார்கள் என்று சங்கங்களோடு எழுத்தில் உடன்பாடு செய்துகொள்ளுங்கள். அறிவிப்பு வந்ததும் முன்பதிவு செய்த நோயாளர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். மாற்று மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லச் சிகிச்சைச் சுருக்கத்தை இலவசமாகக் கொடுங்கள். பணிக்குத் திரும்புபவர்களின் முதல் வாரத்தில் வெளிநோயாளர் எண்ணிக்கைக்கு வரம்பு வையுங்கள். தேங்கி நின்ற கூட்டம் முழுவதையும் ஒரே நாளில் உள்ளே விட்டால், இதுவரை சீராக்கிய அனைத்தும் அந்த வாரத்திலேயே குலைந்துவிடும்.